ஆதாரம், சந்தேகம், பட்டியல்: அமெரிக்க பேஸ்போலில் முடியாத ஊக்கமருந்து வழக்கு

2025 டிசெம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில் 16 பேர் கூடி எட்டுப் பெயர்கள் குறித்து வாக்களித்தார்கள். அந்த எண்மரில் யாரைத் தேசிய பேஸ்போல் புகழ்மண்டபத்தில் சேர்ப்பது என்பதே கேள்வி. உள்ளே போக 12 வாக்குகள் தேவை. ஜெஃப் கென்ட் 14 வாக்குகளுடன் தெரிவானார். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியில் அவரோடு ஆறு பருவங்கள் ஒன்றாக ஆடிய பரி பொண்ட்ஸுக்கு ஐந்து வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. கென்ட் தன் வாழ்நாளில் அடித்த ஹோம் ரன்கள் 377. பொண்ட்ஸ் அடித்தவை 762. மேஜர் லீக் வரலாற்றில் வேறு எவரும் எட்டாத எண்ணிக்கை அது. பந்துவீச்சில் 354 வெற்றிகளும், ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது ஏழும் பெற்ற ரொஜர் கிளெமன்ஸுக்கும் அன்று அதே கதிதான்.

அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட புதிய விதியின்படி, ஐந்துக்குக் குறைவான வாக்குப் பெற்றவர்களின் பெயர் அடுத்த சுற்றில் எடுக்கப்படாது. இன்னொரு முறையும் அப்படியே நேர்ந்தால் பிறகு எப்போதும் எடுக்கப்படாது. எந்த நீதிமன்றமும் இந்த இருவரையும் ஊக்கமருந்துக் குற்றவாளிகள் என்று தீர்க்கவில்லை. கிளெமன்ஸ் 2012இல் பொய்ச்சாட்சி வழக்கில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். நீதிக்கு இடையூறு விளைவித்தார் என்று 2011இல் பொண்ட்ஸுக்கு எதிராக வந்த ஒரேயொரு தீர்ப்பை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் இரத்துச் செய்தது. ஆனாலும் அமெரிக்காவில் பேஸ்போல் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் இவர்கள் மருந்து எடுத்தார்கள் என்றே நம்புகிறார்கள். எனக்கும் அதில் பெரிய ஐயம் இல்லை. பிரச்சினை அதற்கு அப்பால் தொடங்குகிறது. நம்பிக்கை எப்போது ஆதாரமாகும்? யாருடைய பெயர் பட்டியலில் ஏறும், யாருடையது ஏறாது? ஒரு காலகட்டம் முழுவதும் கூட்டாக நடந்த ஒன்றுக்கு யார் பொறுப்புக்கூறுவது? பேஸ்போல் ரசிகர்கள் இருபத்தைந்து ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்விகள் இவை. விளையாட்டின் எல்லைக்குள் மட்டும் நின்றுவிடும் கேள்விகளாக எனக்குத் தெரியவில்லை.

கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு பேஸ்போல் அந்நியம். பந்தை மைதானத்தின் வேலிக்கு அப்பால் அடிப்பது ஹோம் ரன். நமது சிக்ஸர் போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைவிட மிக அரிது. ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். அதில் ஒருவர் 40 ஹோம் ரன் அடித்தால் அவர் பெரிய துடுப்பாட்டக்காரர். 1927இல் பேப் ரூத் 60 அடித்தார். 1961இல் ரொஜர் மாரிஸ் 61 அடித்தார். அதன்பின் 37 ஆண்டுகள் யாரும் அதைத் தாண்டவில்லை. பிறகு 1998 முதல் 2001 வரையான நான்கு பருவங்களில் மட்டும் 61 என்ற எல்லை ஆறு தடவை தாண்டப்பட்டது. தாண்டியவர்கள் மூன்றே பேர்: மார்க் மக்வயர், சமி சோசா, பொண்ட்ஸ். மூவரும் இன்றுவரை புகழ்மண்டபத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

அலுமாரியில் இருந்த போத்தல்

1998இன் கோடையை அறியாமல் மீதிக் கதை புரியாது. 1994இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் பருவம் பாதியில் நின்றது. இறுதித் தொடரே நடக்கவில்லை. கோபித்துக்கொண்டு போன ரசிகர்கள் மைதானத்துக்குத் திரும்பத் தயங்கிக்கொண்டிருந்த வேளையில்தான் மக்வயரும் சோசாவும் மாரிஸின் சாதனையைத் துரத்தத் தொடங்கினார்கள். ஒவ்வொரு இரவும் யார் எத்தனை அடித்தார் என்று நாடே கணக்குப் பார்த்தது. மக்வயர் 70இல் முடித்தார், சோசா 66இல். பேஸ்போலைக் காப்பாற்றியவர்கள் என்று இருவரையும் பத்திரிகைகள் தலைமேல் வைத்துக் கொண்டாடின.

அதே ஓகஸ்ட் மாதத்தில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் ஸ்டீவ் வில்ஸ்டீன், மக்வயரின் அலுமாரித் தட்டில் ஒரு போத்தலைக் கண்டார். அண்ட்ரோஸ்டீன்டியோன் என்று அதில் எழுதியிருந்தது. ஒலிம்பிக்கில் தடைசெய்யப்பட்டிருந்த அந்தப் பொருளுக்கு பேஸ்போலில் அப்போது தடை இருக்கவில்லை. கடைகளில் தாராளமாக வாங்க முடிந்தது. மக்வயர் அதைப் பாவித்ததை மறுக்கவும் இல்லை. வில்ஸ்டீன் எழுதினார். அதன்பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கேள்வி மக்வயரை நோக்கிப் போகவில்லை, செய்தியாளரை நோக்கித் திரும்பியது. இன்னொருவரின் அலுமாரிக்குள் எட்டிப் பார்ப்பதா என்று அணி கோபித்தது. அந்தச் செய்தி நிறுவனத்தை உடைமாற்றும் அறைக்குள் விடக்கூடாது என்று முகாமையாளர் டோனி லா ருசா வாதிட்டார். சக ஊடகவியலாளர்களிலும் பலர் வில்ஸ்டீனையே குறை சொன்னார்கள். ஊடகக் கற்கைநெறிகளில் எத்தனையோ உதாரணங்கள் சொல்லித்தருகிறார்கள். இதை யாரும் சொல்லித்தந்ததாக எனக்கு நினைவில்லை, சொல்லித்தந்திருக்க வேண்டும்.

லா ருசா 2014இல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அந்தக் காலம் முழுவதும் பேஸ்போலின் ஆணையாளராக இருந்த பட் செலிக்கும் 2016 டிசெம்பரில் தெரிவாகி அடுத்த ஆண்டு உள்ளே போனார். இதைக் கண்டபின் சில வாக்காளர்கள் மனம் மாறினார்கள். வேடிக்கை பார்த்தவருக்கு இடம் உண்டென்றால் ஆடியவருக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். அந்த ஓராண்டில் பொண்ட்ஸின் வாக்கு வீதம் 44.3இலிருந்து 53.8ஆக ஏறியது. ஆனால் தேவையான 75 வீதத்தை அவர் எட்டவேயில்லை.

வாக்காளர்கள் யார் என்பதும் முக்கியம். வீரர் ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த பின் பத்து ஆண்டுகள் வரை அவரைப் பற்றி வாக்களிப்பவர்கள் பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டு உறுப்பினராக இருந்தவர்கள். அதாவது 1998இல் அந்த அறைகளுக்குள் நின்று, அந்தத் தோள்களைக் கண்ணால் கண்டு, புகழ்ந்து எழுதியவர்களில் பலர். 2013இல் பொண்ட்ஸ், கிளெமன்ஸ், சோசா மூவரின் பெயரும் முதல் தடவையாக வந்தபோது இவர்கள் எவரையுமே தெரிவுசெய்யவில்லை. ஒழுக்கம், நேர்மை ஆகியவற்றையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்று வாக்களிப்பு விதியில் இருக்கிறது, உண்மைதான். அந்த நேர்மைக் கண் 1998இல் எங்கே போயிருந்தது என்று ரசிகர்கள் கேட்பதில் பிழை சொல்ல முடியாது.

எண்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பேஸ்போல் ரசிகர்கள் புள்ளிவிபரப் பித்தர்கள். ஆகவே வழக்கு முதலில் எண்களைக் கொண்டுதான் வாதாடப்படுகிறது. பொண்ட்ஸ் 2000ஆம் ஆண்டுவரை ஒரு பருவத்தில் 49க்கு மேல் அடித்ததில்லை. 2001இல், 37 வயதைத் தொட்ட பருவத்தில், 73 அடித்தார். மற்றவர்கள் தேயும் வயதில் அவர் வளர்ந்தார். 2004இல் எதிரணிகள் அவருக்குப் பந்து வீசவே அஞ்சி 120 தடவை வேண்டுமென்றே நடந்துபோக விட்டன. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும் என்பது ஒரு தரப்பு.

மறுதரப்பிடமும் எண்கள் உண்டு. பொண்ட்ஸ் முறியடித்த 755 என்ற சாதனைக்கு உரியவர் ஹாங்க் ஆரொன். அவரது மிகச்சிறந்த ஹோம் ரன் பருவமும் 37 வயதில்தான் வந்தது: 1971இல் 47. 39 வயதிலும் அவர் 40 அடித்தார். அதே 1973இல் ஆரொனின் அணித்தோழர் டேவி ஜோன்சன், அதுவரை 18க்கு மேல் அடித்திராதவர், 43 அடித்தார். அடுத்த ஆண்டு 15க்கு இறங்கினார். அவரை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் 1996இல் திடீரென 50 அடித்து அடுத்த ஆண்டே 18க்குத் திரும்பிய பிரேடி அண்டர்சனை இன்றுவரை விடுவதாயில்லை. அவர் எந்தப் பரிசோதனையிலும் சிக்கியவர் அல்ல. எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார். இரு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வடிவம் ஒன்றுதான். நாம் எந்த ஆண்டில் நின்று பார்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னும் ஒன்று. ஸ்டீரொய்ட் காலத்தின் உச்சம் எனப்படும் 2000ஆம் ஆண்டில் மேஜர் லீக் முழுவதும் அடிக்கப்பட்ட ஹோம் ரன்கள் 5,693. கடுமையான பரிசோதனைகள் வந்து பல ஆண்டுகளின் பின், 2019இல், அந்த எண்ணிக்கை 6,776. லீக் நியமித்த விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது பந்தின் தையல் உயரத்தில் ஏற்பட்ட சிறிய மாற்றம்கூட காற்றுத்தடையைக் குறைத்து பந்தை அதிக தூரம் போகச் செய்தது தெரிந்தது. துடுப்பை வீசும் கோணத்தையே வீரர்கள் மாற்றிக்கொண்டதும் ஒரு காரணம். ஆக, எண்ணிக்கை ஏறியது என்பதை மட்டும் வைத்து இன்னார் மருந்து எடுத்தார் என்று சொல்ல முடியாது. ஸ்டீரொய்ட் தசையை வளர்க்கும், காயத்திலிருந்து விரைவாக மீளவைக்கும். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து எங்கே திரும்பும் என்று கணிக்கும் கண்ணைத் தராது. பொண்ட்ஸுக்கு அந்தக் கண் முதலிலிருந்தே இருந்தது. லீக்கின் மிகப் பெறுமதிவாய்ந்த வீரர் விருதை 1990, 1992, 1993 என மூன்று தடவை வாங்கியபோது அவர் மெலிந்த உடலுடன் இருந்தார். அவரது வீழ்ச்சி பலரை வருத்துவதும் அதனால்தான். அவருக்கு அந்த மருந்து தேவைப்பட்டிருக்கவேயில்லை.

2025 பருவத்தைப் பாருங்கள். சியாட்டில் அணியின் கல் ராலி அதற்கு முன் ஒரு பருவத்தில் 34க்கு மேல் அடித்ததில்லை. அந்த ஆண்டு 60 அடித்தார். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை; அரங்குகள் மகிழ்ச்சியில் ஆர்ப்பரித்தன. 2022இல் ஆரொன் ஜட்ஜ் 62 அடித்தபோது, உண்மையான சாதனை இதுதான் என்று ரொஜர் மாரிஸின் மகனே சொன்னார். மேலேயிருக்கும் 63, 64, 65, 66, 70, 73 எல்லாவற்றையும் ஒரே மூச்சில் துடைத்துவிடும் கூற்று அது. இன்று பரிசோதனை இருக்கிறது, ஆகவே நம்பலாம் என்பதே இந்த மகிழ்ச்சியின் அடிப்படை. முதல் தடவை சிக்கினால் 80 ஆட்டங்கள், இரண்டாம் தடவை 162, மூன்றாம் தடவை வாழ்நாள் தடை. 2022இல் இளம் நட்சத்திரம் பெர்னாண்டோ தாதிஸ் இளையவரும் 2025இல் ஜூரிக்சன் ப்ரொஃபாரும் 80 ஆட்டங்கள் வெளியே இருந்தார்கள். பிடிபடுபவர்கள் இருப்பதே மற்றவர்களை நம்புவதற்கான உத்தரவாதமாகிறது.

அந்த உத்தரவாதம் எவ்வளவு திடமானது?

சிட்னியில் ஓடிய இலங்கைப் பெண்

இந்தக் கதை நமது தீவை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. பொண்ட்ஸின் பெயர் அடிபட்ட பால்கோ என்ற ஆய்வுகூடம் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில் இயங்கியது. எந்தப் பரிசோதனையிலும் தெரியாதபடி வடிவமைத்த ஸ்டீரொய்ட் ஒன்றை அது விநியோகித்தது. 'தெளிவானது' என்பது அதன் செல்லப்பெயர். 2003இல் ஒரு மெய்வல்லுநர் பயிற்றுநர் தன்னை மறைத்துக்கொண்டு, அந்த மருந்தின் எச்சம் இருந்த ஊசியொன்றை அதிகாரிகளுக்கு அனுப்பினார். அதன் பின்பே விஞ்ஞானிகளால் அதைக் கண்டறிய முடிந்தது. அதுவரை எடுத்த அத்தனை பரிசோதனைகளும் அந்த மருந்தைப் பொறுத்தவரை குருடாக இருந்தன.

பால்கோவின் இன்னொரு வாடிக்கையாளர் மரியன் ஜோன்ஸ். 2000 சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றரில் அவர் முதலாவதாக வந்தபோது, மூன்றாவதாக வந்தவர் சுசந்திகா ஜயசிங்க. இரண்டாமிடத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஜோன்ஸ் பதக்கங்களை இழந்தது பரிசோதனையில் சிக்கியதால் அல்ல. 2007இல் நீதிமன்றத்தில் தானே ஒப்புக்கொண்டதால். சுசந்திகாவின் வெண்கலம் 2009 டிசெம்பரில் வெள்ளியானது. ஒன்பது ஆண்டுகள் தாமதித்து வந்த வெள்ளி. மேடையில் நிற்க வேண்டிய கணம் அந்தப் பதக்கத்தோடு வரவில்லை.

ஊக்கமருந்தால் பாதிக்கப்படுபவர் யார் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். ஆனால் அதே சுசந்திகா 1998இல் நன்ட்ரோலோன் பாவித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டவர். 2015இல் குசல் பெரேராவும் அப்படித்தான். பரிசோதனை அறிக்கையொன்றை வைத்து அவரை நியூசிலாந்துச் சுற்றுலாவிலிருந்து திருப்பி அழைத்தார்கள். அந்த முடிவு நிலைக்காது என்று கண்டு 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டைக் கைவிட்டது. அதற்குள் அவர் இழந்த ஆட்டங்களை யாரும் திருப்பித் தரவில்லை. சிக்காதவர் சுத்தமானவர் என்று சொல்ல முடியாது. சிக்கியதாகச் சொல்லப்பட்டவர் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. ரசிகர்களின் வாதங்களில் பெரும்பாலும் இவற்றில் ஒரு பாதியை மட்டுமே கேட்கலாம். எந்தப் பாதி என்பது, பேச்சு தங்கள் அணியின் வீரரைப் பற்றியதா எதிரணி வீரரைப் பற்றியதா என்பதைப் பொறுத்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் ஒரு சாதாரண மாதிரி சேகரிப்பாளர். 2011இல் மில்வாக்கி அணியின் ரயன் ப்ரோன் பரிசோதனையில் சிக்கினார். வார இறுதியில் மாதிரியை அனுப்ப வழியில்லாமல் சேகரிப்பாளர் அதைத் தன் வீட்டில் வைத்திருந்தார் என்ற நடைமுறைக் குறையைக் காட்டி 2012இல் தப்பித்தார். வெளியே வந்து, அந்தச் சேகரிப்பாளரின் நேர்மையைப் பகிரங்கமாகக் கேள்விக்குள்ளாக்கினார். ரசிகர்களும் அந்த மனிதரைச் சதிகாரனாக்கினார்கள். அடுத்த ஆண்டு வேறு விசாரணையொன்றில் ப்ரோன் அகப்பட்டு, மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். அவருக்கு 65 ஆட்டங்கள் தடை. அதன்பின் மீண்டும் வந்து பல ஆண்டுகள் கோடிகள் வாங்கி ஆடினார். கூலிக்கு வேலை செய்தவரின் பெயர்தான் அந்த ஓராண்டும் தெருவில் கிடந்தது.

104 பெயர்கள்

2002இல் லீக்கும் வீரர் சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2003இல் எல்லா வீரர்களையும் பெயர் வெளியிடாமல் ஒருமுறை பரிசோதிப்பது. ஐந்து வீதத்துக்கு மேல் சிக்கினால் அடுத்த ஆண்டிலிருந்து கட்டாயப் பரிசோதனை. முடிவுகள் இரகசியம், பின்னர் அழிக்கப்படும் என்பது வாக்குறுதி. ஐந்து வீதம் தாண்டியது. ஆனால் பதிவுகள் அழிக்கப்படுமுன், பால்கோ விசாரணைக்காகப் பத்து வீரர்களின் முடிவுகளைத் தேடி வந்த மத்திய அரசின் அதிகாரிகள் கணினியில் இருந்த எல்லாப் பெயர்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அது சட்டவிரோதம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் தீர்த்தது. தீர்ப்பு வருமுன்பே பெயர்கள் கசியத் தொடங்கிவிட்டன. 2009இல் அலெக்ஸ் ரொட்ரிகஸ், சோசா, மானி ரமிரெஸ், டேவிட் ஓர்டிஸ் என்று ஒவ்வொன்றாக, பெயர் சொல்லாத வட்டாரங்களை மேற்கோள் காட்டி வந்தன.

பட்டியலில் 104 பெயர்கள் இருந்ததாகச் சொல்லப்பட்டது. ஒரு சிலவே பகிரங்கமாகின. மற்றவர்கள் யார் என்று இன்றும் தெரியாது. அவர்களில் எவரும் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றிருக்கலாம். பட்டியல் என்ற சொல்லின் கனம் இதை வாசிப்பவர்களுக்கு விளங்கும். யாரோ எங்கோ தயாரித்தது. நாம் பார்க்க முடியாதது. அதில் நமது பெயர் எந்தக் காரணத்துக்காக ஏறியது என்று கேட்க முடியாதது.

ஓர்டிஸ் எந்தப் பொருளுக்குச் சிக்கினார் என்று அவருக்கே சொல்லப்படவில்லை. அந்தப் பரிசோதனைகளில் சிலவற்றின் முடிவுகள் சர்ச்சைக்குரியவை, பட்டியலில் இருந்த எல்லோரும் குற்றவாளிகள் அல்ல என்று ஆணையாளர் ரொப் மன்ஃப்ரெட் 2016இல் பகிரங்கமாகச் சொன்னார். 2022இல் ஓர்டிஸ் முதல் முயற்சியிலேயே 77.9 வீதத்துடன் உள்ளே போனார். அதே வாக்கெடுப்பில், தங்கள் பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், பொண்ட்ஸ் 66.0, கிளெமன்ஸ் 65.2. மன்ஃப்ரெட்டின் பேச்சு ஓர்டிஸுக்கு உதவியது. அதைவிட உதவியது அவரது சிரிப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓர்டிஸ் பொஸ்டன் நகரமே நேசித்த மனிதர், செய்தியாளர்களோடு பகிடிவிட்டுப் பேசுபவர். பொண்ட்ஸ் அவர்களை மதிக்காதவர், முகத்தில் அடித்தாற்போலப் பேசியவர். ஆதாரத்தின் தராசில் எடை போடுவதாகச் சொன்னவர்கள் சுபாவத்தையும் சேர்த்தே நிறுத்தார்கள். நிறமும் அதில் ஏறியது. பொண்ட்ஸ் ஆரொனின் சாதனையை நெருங்கிய 2007இல் அவர் நியாயமாக நடத்தப்படவில்லை என்ற எண்ணம் கறுப்பின ரசிகர்களிடம் மிகுந்திருந்தது. 1998இல் மக்வயருக்குக் கிடைத்த ஆரவாரத்தை அவர்கள் மறந்திருக்கவில்லை.

அந்த 756ஆவது பந்தின் கதை இந்த முழுக் குழப்பத்துக்கும் ஒரு படம். ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ அதை ஏலத்தில் 752,467 டொலருக்கு வாங்கி, என்ன செய்யலாம் என்று மக்களிடம் வாக்குக் கேட்டார். அப்படியே அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா, நட்சத்திரக்குறி பொறித்துக் கொடுப்பதா, விண்ணுக்கு அனுப்பிவிடுவதா? ஒரு கோடி வாக்குகள் வரை விழுந்தன. நட்சத்திரக்குறி வென்றது. இன்று அந்தக் குறி வெட்டப்பட்ட பந்து கூப்பர்ஸ்டவுனில் புகழ்மண்டபத்தின் உடைமையாக இருக்கிறது. அடித்தவருக்கு அங்கே இடம் இல்லை.

மிட்செலின் ஆணைக்குழு

2006இல் செலிக் ஒரு விசாரணைக்கு ஆளை நியமித்தார். நியமிக்கப்பட்டவர் ஜோர்ஜ் மிட்செல். ஆம், வட அயர்லாந்தின் பெரிய வெள்ளி உடன்படிக்கைக்கு வழிவகுத்த பேச்சுகளுக்குத் தலைமை தாங்கிய அதே செனட்டர். சமாதானப் பேச்சுக் காலத்தில் வட அயர்லாந்து உதாரணத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்குப் பழக்கமான பெயர்.

2007 டிசெம்பர் 13ஆம் திகதி வெளிவந்த அவரது அறிக்கை 400 பக்கங்களைத் தாண்டியது. எண்பதுக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் இருந்தன. வீரர்கள் பெரும்பாலும் ஒத்துழைக்கவில்லை. சான்றுகளின் பெரும்பகுதி இருவரிடமிருந்து வந்தது: நியூயோர்க் அணியொன்றின் முன்னாள் உதவியாளர் ஒருவர், உடற்பயிற்றுநர் ஒருவர். இருவரும் மத்திய அரசின் வழக்குத்தொடுநர்களின் பிடியில் இருந்தவர்கள், தங்களைக் காத்துக்கொள்ளப் பேசியவர்கள். அவர்கள் யாருக்கு மருந்து விற்றார்களோ அவர்களின் பெயர்கள் வந்தன. வேறு விற்பனையாளர்களிடம் வாங்கியவர்களில் பலரின் பெயர்கள் வரவில்லை. மிட்செல் பொஸ்டன் அணியின் பணிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தது ரசிகர்களின் சந்தேகத்துக்கு இன்னும் எண்ணெய் வார்த்தது.

அறிக்கை ஆணையாளர், அணி உரிமையாளர்கள், சங்கம், வீரர்கள் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்றது. ஆனால் பழைய குற்றங்களுக்குப் பொதுவாகத் தண்டனை வேண்டாம், முன்னோக்கிப் பார்ப்போம் என்று பரிந்துரைத்தது. வட அயர்லாந்தில் தான் கற்றதையே மிட்செல் இதற்கு நியாயமாகச் சுட்டினார்.

ஒரு கொடிய போரையும் ஒரு விளையாட்டு மோசடியையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம். இங்கே யாரும் கொல்லப்படவில்லை, காணாமலாக்கப்படவில்லை. ஆனால் வாதத்தின் வடிவம் எவ்வளவு பரிச்சயமானது. கடந்ததை விட்டுவிடுவோம், எல்லோருமே பிழைவிட்டோம், இனிமேல் ஒழுங்காக இருப்போம். 2005இல் காங்கிரஸ் விசாரணையில் மக்வயரும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்: கடந்த காலத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை என்று. ஐந்து ஆண்டுகள் கழித்து, பயிற்றுநராக மீண்டும் வேலைக்கு வரவேண்டியிருந்தபோது, அழுதபடி ஒப்புக்கொண்டார்.

மன்னிப்பு கேட்பவர் எதைச் செய்தேன் என்று சொல்லவேண்டும். சோசா 2024 டிசெம்பரில் வெளியிட்ட கடிதத்தில் தவறுகள் செய்தேன் என்றார், என்ன தவறு என்று சொல்லவில்லை. சிக்காகோ அணி அதை ஏற்றுக்கொண்டு இருபது ஆண்டுகளின் பின் அவரை வரவேற்றது. ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் அவ்வளவுக்கு மட்டுமே காத்திருந்தார்கள் போலும். மிட்செல் எல்லோருக்கும் என்று பங்கிட்ட பொறுப்பில் உரிமையாளர்களின் பங்குக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் எதுவும் இல்லை. ஒருவரும் பதவி இழக்கவில்லை, 1998இன் வருமானத்தில் ஒரு டொலரும் திரும்பி வரவில்லை. கூட்டுப் பொறுப்பு என்று தொடங்கியது ஐந்தாறு முகங்களின் தனிக் குற்றமாகச் சுருங்கிவிட்டது. இந்த இடத்தில் பொண்ட்ஸ் மீது எனக்கு அனுதாபம் வருகிறது, அவர் சொன்னதை நான் நம்பாவிட்டாலும். ஆளி விதை எண்ணெய் என்றே எடுத்ததாக அவர் பெரும் ஜூரியிடம் சொன்னார். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்தவர் அவரது பயிற்றுநர்.

இந்த விவாதங்களில் அநேகமாக வராத பெயர்கள் வேறு. டொமினிக்கன் குடியரசில் 16 வயதில் ஒப்பந்தமாகலாம் என்பதால் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு மைதானத்துக்கு வரும் பையன்கள். ஒப்பந்தத் தொகையில் பங்கு வாங்கும் தரகர்-பயிற்றுநர்கள் அவர்களைத் தயார்செய்கிறார்கள். சிலருக்கு ஊசியும் அவர்களே போடுகிறார்கள். கீழ்நிலை லீக்குகளின் தடைப்பட்டியல்களைப் பார்த்தால் லத்தீன் அமெரிக்கப் பெயர்கள் வரிசையாக வரும். தடை வந்தால் பொண்ட்ஸைப் போல மாளிகைக்குத் திரும்ப அவர்களுக்கு வழியில்லை. கரும்புத் தோட்டக் கிராமத்துக்குத்தான் திரும்பவேண்டும். அவர்கள் ஏமாற்றினார்களா ஏமாற்றப்பட்டார்களா என்று எந்த அரங்கிலும் யாரும் வாதிடுவதில்லை.

பொண்ட்ஸின் பெயர் இனி 2031இல்தான் மீண்டும் எடுக்கப்படலாம். அப்போது அவருக்கு 67 வயது. அந்த அறையிலும் 16 பேர் இருப்பார்கள். இப்போதைய விதி மாறாவிட்டால் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகளுக்கு மேல் இருக்காது. அவருக்கு ஐந்து கிடைக்காவிட்டால் பெயர் நிரந்தரமாக நீங்கும். யார் யாருக்கு வாக்களித்தார், ஏன் வாக்களித்தார் என்பதை அந்தக் குழு வெளியிடுவதில்லை.